வயலின் முதலில் உறைக்குள்ளேயே இருக்கட்டும்

தம்பி, அயர்லாந்தின் கால்வே நகரில் வாடகை எவ்வளவு, என்ன குளிராடை வாங்குவது, பத்து வருடம் கர்நாடக வயலின் கற்ற நீ அங்கே பப்புகளில் (மதுக்கூடங்களில்) பலர் கூடி வாசிக்கும் செஷன்களில் சேர்ந்து ரீல் என்ற ஐரிஷ் நடன மெட்டை வாசிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாடகையை இப்போது வீடு தேடுபவர்களிடம் கேள். குடை வாங்காதே, அட்லாண்டிக் காற்று முறித்துவிடும். மூன்றாவது கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

2004இல் வந்த இரண்டாம் வாரமே நான் வயலினோடு ஒரு பப்புக்குள் போய், காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கே செஷனில் இருந்தவர்கள் வாசித்தது எனக்குச் சங்கராபரண ராகமாகக் கேட்டது. தெரியாத மெட்டின் மேல் மனதில் தோன்றியபடி கற்பனைசுரம் வாசித்தேன். ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. வாத்தியங்களை மடியில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கிவிட்டார்கள். நான் எழுந்து போகும்வரை அடுத்த மெட்டு எழவே இல்லை. அந்த அமைதி இன்றும் வலிக்கிறது.

அதனால் சொல்கிறேன். அந்த நாற்காலிகள் வழக்கமாக வாசிப்பவர்களுக்கு உரியவை, கேட்டுவிட்டு உட்கார். எல்லாரும் ஒரே மெட்டைத்தான் வாசிப்பார்கள். தெரியாததில் கை வைக்காதே. சுரம் எழுதிய நோட்டுப் புத்தகத்தை விரிக்காதே.

ரீலின் கட்டு எளிது. பெரும்பாலும் எட்டு பார் (தாள அளவு) கொண்ட இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் இரண்டு முறை, ஆக 32 பார். இரண்டு மூன்று சுற்று வாசித்து, நிறுத்தாமல் அடுத்த ரீலுக்குத் தாவுவார்கள். தாளில் ஒரு பாருக்கு எட்டுச் சம சுரங்கள் இருக்கும். வில்லில் அவை சமமாக வராது. அந்தத் துள்ளலைக் காதால்தான் பிடிக்க வேண்டும். உன் கமகம் சுரத்தை அசைக்கும். இவர்களின் ரோல் என்ற அலங்காரம் சுரத்தை வெட்டும். விரல் மேல் சுரத்தையும் கீழ்ச் சுரத்தையும் தொட்ட கணமே விலகிவிடும், அவை தனிச் சுரங்களாகக் கேட்கக் கூடாது. எல்லாவற்றையும் குழைத்தால் ஓட்டம் செத்துவிடும். இது பிடிபட எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. ஆனால் பாடாந்தரமாகக் கற்றவன் நீ. கேட்டுத் திருப்பி வாசிப்பதுதான் இங்கேயும் வழி.

நம்மவர்களில் சிலர், இருபது வருடத்தில் பப் வாசலை மிதித்ததே இல்லை என்று பெருமை பேசுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. மது வேண்டாமென்றால் தேநீர் கேட்கலாமே! இந்த இசை வாழ்ந்ததே புலம்பெயர்ந்தவர்களாலும்தான். இங்கே ஸ்லைகோ மாவட்டத்திலிருந்து நியூயார்க் போன மைக்கேல் கோல்மன் 1920களில் பதித்த இசைத்தட்டுகள் கடல் தாண்டி வந்து, இங்கிருந்தவர்களின் ஃபிடில் (வயலின்) வாசிப்பையே மாற்றின. கார்க் மாவட்டத்திலிருந்து போய்ச் சிகாகோ காவல்துறைத் தலைவரான பிரான்சிஸ் ஓ'நீல் 1907இல் 1001 மெட்டுகளை நூலாக்கினார்.

எனக்குக் கற்றுத்தந்தவர் கிளேர் மாவட்டத்தின் கிழக்கில் மாடு வளர்த்த முதியவர், குழல் வாசிப்பார். ஒரு குளிர்காலம் முழுவதும் ஒரே ரீல். அவர் வீட்டு அடுப்படியில், அவர் இரண்டு பார் வாசிக்க நான் திருப்பி வாசிப்பேன். "மறுபடியும்" என்பார், அவ்வளவுதான். மார்ச் மாதம் ஒரு மாலை நான் முழுவதும் வாசித்து முடிக்கப்போகும் நேரத்தில், அவர் ஒன்றும் சொல்லாமல் குழலை எடுத்து என்னோடு சேர்ந்துகொண்டார்.