ஒன்பது பெற்ற தாயிடம் கேட்காத கேள்வி

கேள்வி: எனக்கு 51 வயது. சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறோம். மகள் பிளஸ் ஒன், மகன் எட்டாம் வகுப்பு. உலகம் எப்படி முன்னேறி வந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்று, ஸ்வீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங்கின் உரைகளையும், நாடுகள் வட்டங்களாக நகரும் அவருடைய வரைபடங்களையும் ஞாயிறுதோறும் டிவியில் போட்டுக் காட்டுகிறேன். முதலில் ஆவலாகப் பார்த்தார்கள். இப்போது, ‘எல்லா வட்டமும் மேலே போகும், அவ்வளவுதானே அப்பா’ என்கிறான் மகன். அம்மாவுக்கு 84 வயது, எங்களோடுதான் இருக்கிறார். அப்பா ஏற்காட்டில் காபி எஸ்டேட் மேஸ்திரியாக இருந்தவர். அம்மா ஒன்பது பெற்று நால்வர்தான் தங்கினோம். டிவி சத்தம் அவருக்கு ஆகாது என்பதால் அவருடைய அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பார்ப்போம். பிள்ளைகளின் ஆர்வம் குறையாமல் இருக்க இன்னும் எந்த உரைகளைக் காட்டலாம்?

பதில்: வேறு எந்த உரையையும் நான் சொல்லப்போவதில்லை. பிள்ளைகளுக்கு எதிலும் நாட்டமில்லை, நல்லதாக ஏதாவது சொல்லுங்கள் என்று எனக்கு வரும் கடிதங்கள் அநேகம். ஆனால் ‘ஒன்பது பெற்று நால்வர்தான் தங்கினோம்’ என்று அரை வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அந்தத் தாயின் அறைக் கதவைச் சாத்திவிட்டீர்களே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

தங்காமல் போன அந்த ஐவரின் பெயர்கள் உங்களுக்குத் தெரியுமா? முதலில் போனது ஆணா, பெண்ணா? பெயர் வைக்கும் வரைக்காவது இருந்ததா, தவழ்ந்து நடந்த பிறகு போனதா? உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால், உங்களுக்குத் தெரியாது என்றே எண்ணுகிறேன். உடன்பிறந்தவர்களைப் பற்றி இவ்வளவாவது 51 வயது மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? பெற்றவரைக் கூட வைத்துக்கொண்டு வேளைக்குச் சோறும் மாத்திரையும் கொடுப்பதோடு பிள்ளையின் கடமை தீர்ந்துவிடுவதாக நான் என்றைக்கும் ஒப்புக்கொண்டதில்லை. அவர் நெஞ்சில் சுமந்து வந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வாங்கிக்கொள்வதும் கடமைதான். கேட்க ஆளில்லாமல் அந்தப் பாரத்தோடு ஒரு தாய் போய்ச் சேர்ந்தால், அந்தக் குற்றம் அந்த வீட்டில் இருந்தவர்களைத்தான் சேரும்.

நீங்கள் காட்டும் வரைபடத்துக்கே வருவோம். குறுக்கே வருமானம், நெடுக்கே ஆயுள், வட்டத்தின் பருமன் மக்கள்தொகை, நிறம் கண்டம். 2006-இல் ரோஸ்லிங் அந்த வட்டங்களை மேடையில் ஓடவிட்டார். 2010-இல் 200 நாடுகளின் 200 ஆண்டுக் கதையை நான்கே நிமிடத்தில் சொல்லி முடித்தார். நல்ல உரைகள்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 1960-இல் இந்தியா என்ற பெரிய வட்டம் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பது எப்படித் தெரிந்தது என்று உங்கள் மகனிடம் எப்போதாவது கேட்டீர்களா? அன்றைய இந்தியரின் சராசரி ஆயுள் 40-ஐ ஒட்டி இருந்தது என்றால், எல்லோரும் நாற்பதில் இறந்தார்கள் என்றுதான் எட்டாம் வகுப்புப் பிள்ளை புரிந்துகொள்வான். உண்மை அதுவல்ல. அன்று பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று ஐந்து வயதைக் காணாமலே போனது. சராசரியைக் கீழே பிடித்து இழுத்ததில் பெரும் பங்கு அந்தச் சின்ன உயிர்களுக்குத்தான். உங்கள் வீட்டில் ஒன்பதில் ஐந்து என்பது, நான்கில் ஒன்று என்ற அந்தக் கணக்கையும் மிஞ்சிய கொடிய கணக்கு. அதனால்தான் நாட்டுக்கு ஒரு வட்டம் போட்டுப் பார்ப்பது போதாது என்கிறேன். மலைமேல் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் நடந்தது அந்த வட்டத்துக்குள் கரைந்துபோய்விடுகிறது.

இறந்த குழந்தைகளை எண்ணியது யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறப்பு இறப்பைப் பதிவதற்கு நாடு முழுவதற்குமான சட்டம் 1969-இல்தான் வந்தது. பதிவேடுகள் சரியாக இல்லாத நாடுகளில் குழந்தை இறப்பை அறிவதற்கு வில்லியம் பிராஸ் என்ற மக்கள்தொகை அறிஞர் 1960-களில் ஒரு முறையை வகுத்தார். எத்தனை பெற்றீர்கள், எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று தாய்மாரிடம் கேட்டு, அந்த விடைகளிலிருந்து இறப்பு விகிதத்தை மதிப்பிடுவதே அந்த முறை. 1992-93-இல் தொடங்கிய நம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலும், பெற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றும் இருக்கிறதா, இல்லையென்றால் எந்த வயதில் இறந்தது என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். நீங்கள் டிவியில் பார்க்கும் வட்டங்களின் உயரத்துக்குப் பின்னால், உங்கள் அம்மாவைப் போன்ற பெண்கள் யாரோ ஒரு அந்நியர் முன்னால் உட்கார்ந்து இறந்த பிள்ளையின் பெயரைச் சொன்ன அந்த நிமிடங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தக் கணக்கெடுப்பு 49 வயது வரையுள்ள பெண்களைத்தான் கேட்டது. அது தொடங்கியபோது உங்கள் அம்மா அந்த வயதைத் தாண்டிவிட்டார். அரசாங்கத்துக்கு அவரைக் கேட்க வாய்ப்பில்லாமல் போனது. உங்களுக்கு 51 ஆண்டுகளாக வாய்ப்பு இருக்கிறது.

நீங்கள் போற்றும் ரோஸ்லிங்கே இதைத்தான் செய்தார். 1979 முதல் இரண்டு ஆண்டுகள் ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கின் நகாலா பகுதியில் மருத்துவராக இருந்தபோது, தம் மருத்துவமனையில் இறக்கும் குழந்தைகளைவிட, அதன் வாசலையே மிதிக்காமல் வீடுகளில் இறக்கும் குழந்தைகள் பல மடங்கு என்று கணக்குப் போட்டுக் கண்டவர் அவர். 1981-இல் அங்கே பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் திடீரென்று கால்கள் விறைத்து முடங்கின. கிராமம் கிராமமாகப் போய், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்து, என்ன சாப்பிட்டீர்கள், எப்படிப் பக்குவம் செய்தீர்கள் என்று கேட்டதில் காரணம் துலங்கியது. பஞ்சத்தில் கசப்பு மரவள்ளிக்கிழங்கை வழக்கம்போல் நாள்கணக்கில் காயவைக்கப் பொறுக்காமல் தின்றதால் அதன் சயனைடு நஞ்சு உடம்பில் ஏறியிருந்தது. ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி லாரியாகக் கிழங்கு வருவதைப் பார்த்து வளரும் சேலத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள்.

வரும் ஞாயிறு டிவியைப் போட வேண்டாம். கதவைத் திறந்து, பிள்ளைகள் இருவரையும் பாட்டியின் கட்டிலருகே உட்கார வையுங்கள். கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள், மகள் கேட்கட்டும்; பிள்ளைப்பேற்றை மகனிடம் பேசக் கூசும் தாய் பேத்தியிடம் பேசுவார். ‘உங்கள் மூத்த பிள்ளை எங்கே பிறந்தது பாட்டி’ என்று தொடங்கினால் போதும். தொப்புள்கொடியை யார் அறுத்தது, எதைக் கொண்டு அறுத்தது, சீம்பால் கொடுத்தார்களா பிழிந்து கொட்டினார்களா, காய்ச்சல் கண்டபோது எத்தனை மைல் தூக்கிக்கொண்டு நடந்தார்கள் என்பதெல்லாம் தானாக வரும். அழுதால் அங்கேயே நிறுத்திக் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். மீதியை அடுத்த வாரம் கேட்கலாம். ஒரே நாளில் ஒன்பதையும் கேட்டு முடித்துவிட வேண்டும் என்று நின்றீர்களானால் நான் சொன்னது உங்களுக்கு விளங்கவில்லை என்று அர்த்தம்.

சொல்லக் கேட்டதை மகன் கட்டம் போட்ட நோட்டில் வரையட்டும். பிறந்த ஆண்டில் தொடங்கி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு, ஓர் ஆண்டுக்கு ஒரு கட்டம். நான்கு கோடுகள் தாளைக் கடந்து ஓடும். ஐந்து கோடுகளில் சில ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சின்னக் கோட்டின் அருகிலும், இன்றைக்கு என்றால் எது காப்பாற்றியிருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். ஏழெட்டு நாளில் கண்ட இசிவு (டெட்டனஸ்) என்றால் கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசியும் சுத்தமான பிளேடும். பேதி என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசல். தட்டம்மை, கக்குவான் என்றால் தடுப்பூசி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தைகளில் ஐந்து வயதுக்குள் இறப்பது 22 தான். அந்தக் காலம் நல்ல காலம் என்று பேசித் திரிபவர்களை எனக்குப் பிடிக்காது. கிராம சுகாதாரச் செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையமும் சத்துணவும் சாலையும் பெண்களின் படிப்பும் சேர்ந்து அடைந்த பலன் இது என்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 22 என்பது இன்னும் 22 வீடுகள் என்பதும் தெரிய வேண்டும்.

இன்னொன்று. பச்சைக் குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். எங்கே புதைத்தார்கள் என்று அம்மாவுக்கு நினைவிருக்கும். எந்த மரத்தடி என்பதுகூட நினைவிருக்கலாம். அந்த இடத்தைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பனி விலகிய பிறகு மலைக்கு வாடகைக் காரில் புறப்படுங்கள், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவருக்குக் குமட்டும். முன் இருக்கையை அவருக்கு விடுங்கள். முகர்ந்துகொள்ளக் கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கட்டும்.