புகார் கொடுத்த பிறகு என்ன நடக்கும்? குடும்ப வன்முறை வழக்குகள் பற்றிய கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் குடும்ப வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

முக்கூடல், ஒரு சகோதரி: வக்கீலம்மா, நான் பீடி சுற்றி வாங்கும் கூலியைக் கணவர் பிடுங்கிக்கொள்கிறார், மறுத்தால் அடிக்கிறார். வீடு மாமியார் பெயரில் இருப்பதால் வெளியே போகச் சொல்கிறார்கள். அவரை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. அடி நின்றால் போதும்.

உங்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகிறவர்களே அதிகம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம். இதன்படி மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ குற்றவியல் நடுவரிடம் மனு கொடுக்கலாம். மனு கொடுத்ததால் மட்டும் யாரும் கைதாவதில்லை. அடிக்கக் கூடாது, வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது, மாதந்தோறும் செலவுக்குப் பணம் தர வேண்டும் என்றெல்லாம் நடுவர் உத்தரவிடலாம். அவசரமென்றால் எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவும் இடலாம். கூலியைப் பிடுங்குவதைப் பொருளாதார வன்முறை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. வீடு மாமியார் பெயரில் இருப்பதும் தடையாகாது. குடும்பமாகச் சேர்ந்து வாழ்ந்த வீடு கணவரின் உறவினருக்குச் சொந்தமானதாக இருந்தாலும், மருமகள் அதில் குடியிருக்கும் உரிமையைக் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. பாதுகாப்பு உத்தரவை உங்கள் கணவர் மீறினால், அப்போது அது குற்றமாகிறது: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த மீறலுக்குப் பிடி ஆணை இல்லாமலே காவல்துறை கைது செய்யலாம்.

இரண்டாவது, நேரடிக் குற்ற வழக்கு. கணவரோ அவருடைய உறவினரோ மனைவியைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும், முன்பு 498ஏ என்று எல்லோரும் சொன்ன பிரிவு, 2024 ஜூலை 1 முதல், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆவது பிரிவாக இருக்கிறது. தண்டனை மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும். அந்தத் தேதிக்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய பிரிவே பொருந்தும். எலும்பு முறிவு போன்ற கொடுங்காயம் இருந்தால் தனியாக ஏழாண்டு வரை தண்டனை உள்ள பிரிவும் சேரும். நீங்கள் கேட்பது அடி நிற்பதையும் வீட்டில் இருப்பதையும்தான் என்பதால் முதல் வழியில் தொடங்குங்கள் என்பேன். ஆனால் உயிருக்கு ஆபத்து என்று உங்களுக்குத் தோன்றினால் அந்த நிமிடமே 112ஐ அழையுங்கள். எந்த வழி என்று பிறகு யோசிக்கலாம்.

அம்பாசமுத்திரம், ஒரு தாயார்: மகளை மருமகன் அடித்துக் கையில் காயம். ஸ்டேஷனில் மனு ரசீது மட்டும் கொடுத்து, இரண்டு வீட்டாரும் பேசி முடியுங்கள் என்கிறார்கள்.

அம்மா, முதலில் மகளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், அடித்தது யார், எதனால் அடித்தார் என்பதை மருத்துவரிடம் அவள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். குடும்ப மானத்தை எண்ணி "படியில் விழுந்துவிட்டேன்" என்று சொல்லும் பெண்கள் எத்தனையோ பேர். விபத்துப் பதிவேட்டில் ஏறிய அந்த ஒரு வரிதான் பின்னால் குறுக்கு விசாரணையில் அவர்களுக்கு எதிராகவே வாசிக்கப்படுகிறது. ஏ.ஆர். எனப்படும் அந்தப் பதிவேட்டின் நகலை வாங்கி வையுங்கள்.

மனு ரசீது என்பது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு மட்டுமே; வழக்குப் பதிவானதைக் காட்டும் முதல் தகவல் அறிக்கை வேறு. குடும்பத் தகராறுகளில் பூர்வாங்க விசாரணை நடத்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் புகாரை அப்படியே கிடப்பில் போட இடம் தரவில்லை. பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் நடுவரிடம் மனு போடலாம். பேச்சுவார்த்தைக்குப் போவது தவறில்லை. எழுதாத தாளில் மட்டும் மகள் கையெழுத்துப் போடக் கூடாது.

வள்ளியூர், ஒரு வாசகர்: மேடம், தம்பி மனைவி கொடுத்த புகாரில் தம்பியோடு எங்கள் பெற்றோரையும், சென்னையில் வாழும் தங்கையையும் சேர்த்திருக்கிறார்கள். எல்லோரையும் கைது செய்வார்களா? தம்பி வளைகுடாவுக்குத் திரும்ப வேண்டும்.

ஐயா, பெயர் இருப்பதாலேயே கைது என்பது கிடையாது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் தேவை என்பதைக் காவல்துறை எழுத்தில் காட்ட வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரும்பாலும் ஆஜராகும்படி அறிவிப்பு வரும். அதை அலட்சியம் செய்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். அச்சம் இருந்தால் மாவட்ட அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலோ முன்ஜாமீன் கேட்கலாம். தனியே வாழும் தங்கை மீது குறிப்பான குற்றச்சாட்டு எதுவும் இல்லையென்றால், அவர் வரையில் வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

தம்பிக்குத்தான் சிக்கல் கூடுதல். வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கவும் வெளிநாடு செல்லவும் நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். சொல்லாமல் புறப்பட்டால் விமான நிலையத்திலேயே நிறுத்தப்பட நேரலாம். உங்கள் வீட்டில் அரசு ஊழியர் இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள்: 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் பணியிடை நீக்கம் வந்துவிடும். புகார் கொடுத்த பெண்ணையோ அவர் வீட்டாரையோ மிரட்டும் விதமாக யாரும் தொலைபேசியில் பேச வேண்டாம். அது தனிக் குற்றம், ஜாமீனும் கெடும். தம்பி உண்மையில் அடித்திருந்தால் அதை அண்ணனாகிய உங்களுக்குள்ளும் மறைத்துக்கொள்ளாதீர்கள். வழக்கறிஞரிடம் முழு உண்மையைச் சொல்லுங்கள்.

தென்காசி, ஒரு சகோதரி: சமாதானமாகிவிட்டோம். நான் கொடுத்த வழக்கை நானே வாபஸ் வாங்க முடியுமா?

பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொடுத்த மனு என்றால் நீங்களே திரும்பப் பெறலாம். 85ஆவது பிரிவு வழக்கு அப்படியன்று. வழக்கு நடத்துவது அரசு. இருவரும் கூட்டாக உறுதிமொழி ஆவணம் தாக்கல் செய்து, மதுரைக் கிளையில் ரத்து கோர வேண்டும். சமாதானம் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நடந்ததா என்று நீதிபதி உங்களிடமே கேட்கக்கூடும். உண்மையைச் சொல்லுங்கள்.

களக்காடு, ஒரு தந்தை: மும்பையில் வாழ்ந்த மகள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கே போய்த்தான் புகார் கொடுக்க வேண்டுமா? எங்களிடம் பணமும் இல்லை.

வேண்டியதில்லை. கொடுமையால் விரட்டப்பட்ட பெண், தஞ்சம் புகுந்த ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கடைசிச் சம்பவம் நடந்து மூன்றாண்டுக்குள் 85ஆவது பிரிவு வழக்கைத் தொடர வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். நகைகளின் ரசீதும் சீர்வரிசைப் பட்டியலும் கல்யாணப் புகைப்படங்களும் இருந்தால் எடுத்துவாருங்கள். அவற்றைத் திருப்பித் தரவும் நடுவர் உத்தரவிட முடியும். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞரை அமர்த்தித் தருவது சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கடமை. மாவட்ட ஆணைக்குழுவுக்கு மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். அதற்கு முன் பெண்கள் உதவி எண்ணான 181இல் பேசினாலும் வழி சொல்வார்கள்.