முதலில் பாட்டிலின் நிறத்தைப் பாருங்கள்: இங்கிலாந்து ஏல், ஸ்டவுட் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: வேலைக்காக லண்டன் வந்து ஒரு வருடம் ஆகிறது. கூட வேலை பார்ப்பவர்கள் புகழ்கிறார்களே என்று சூப்பர் மார்க்கெட்டில் ஏல் என்ற பியர் நான்கு பாட்டில் வாங்கி, ஃபிரிட்ஜில் வைத்து ஜில்லென்று குடித்தேன். மூன்றும் வெறும் கசப்பு. நான்காவதில் ஏதோ கெட்ட வாடை. வாங்கியதில் தப்பா, குடித்ததில் தப்பா?

பதில்: இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம். ஃபிரிட்ஜின் 4, 5 டிகிரி குளிர், ஜில்லென்று குடிக்கும் லாகர் வகை பியருக்குச் சரி, ஆனால் ஏலின் மணமெல்லாம் அந்தக் குளிரில் அடங்கிப்போய் கசப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும். குடிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே வெளியே எடுத்து வையுங்கள், 11 முதல் 13 டிகிரிக்கு வந்ததும் அதே பாட்டிலில் பிஸ்கட் வாசனை, ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் பாகு எல்லாம் மேலே வரும். வாய் அகன்ற கிளாஸில் முக்கால்வாசி ஊற்றி, முதலில் முகர்ந்து பாருங்கள். பாட்டிலோடு குடித்தால் பாதி ருசி மூக்குக்குப் போகாமலே வீணாகிறது.

கெட்ட வாடை வந்த அந்த நான்காவது பாட்டில் நிறமில்லாத வெள்ளைக் கண்ணாடிதானே? பியரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூவிலிருந்து வரும் கசப்புப் பொருள்மேல் வெளிச்சம் பட்டால் கந்தகம் கலந்த ஒரு சேர்மம் உண்டாகிறது, ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்துக்கு மிக நெருங்கிய வாடை அது. பழுப்புக் கண்ணாடி இதைப் பெருமளவு தடுக்கும், பச்சை ஓரளவுக்குத்தான், வெள்ளை தடுக்கவே தடுக்காது. சில பழைய, நல்ல பெயருள்ள ப்ரூவரிகளே (பியர் ஆலைகளே) பார்க்க அழகாக இருக்கிறது என்று வெள்ளை பாட்டிலில் விற்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். வெள்ளை பாட்டில்தான் வேண்டுமென்றால் அலமாரியின் முன்வரிசையில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் நிற்பதை விட்டுவிட்டுப் பின்னாலிருந்து எடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பர்ட்டன் அபான் ட்ரென்ட் ஊரின் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், அதனால் அங்கே தயாராகும் ஏலில் திறந்தவுடன் தீக்குச்சி உரசிய மாதிரி ஒரு மெல்லிய வாடை வரலாம். அது கெட்டுப்போனதால் வருவதில்லை, சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

கேள்வி: பாட்டிலின் அடியில் மண்டி படிந்திருந்தது. கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கும் முன் லேபிளைப் படியுங்கள். 'பாட்டில் கண்டிஷன்ட்' என்று போட்டிருந்தால் அந்த மண்டி உயிருள்ள ஈஸ்ட், வேண்டுமென்றேதான் உள்ளே விட்டிருக்கிறார்கள். பாட்டிலுக்குள் மெதுவாகப் புளித்து, நுரைக்கு வேண்டிய வாயுவை அதுவே உண்டாக்குகிறது. 1971-இல் தொடங்கிய காம்ரா என்ற நுகர்வோர் இயக்கம் பாட்டில் பியரில் இந்த வகையைத்தான் 'ரியல் ஏல்' என்று ஏற்றுக்கொள்கிறது. ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, கிளாஸைச் சாய்த்து ஒரே மூச்சில் ஊற்றி, கடைசி ஒரு விரல் அளவை பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். அந்த மண்டியைக் குடித்தாலும் கெடுதல் இல்லை, ருசிதான் கலங்கிவிடும்.

லேபிளில் அப்படி எதுவும் இல்லாமல், வினிகர் மாதிரிப் புளிப்போ, திறந்ததும் பீறிட்டுக் கொட்டுவதோ இருந்தால் அப்போது திருப்பிக் கொடுங்கள். 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி தரக்குறைவான பொருளுக்கு 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், கேட்க வேண்டியது விற்ற கடையிடம். ரசீதையும் மிச்சமுள்ள பாட்டிலையும் கொண்டுபோங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். பியரில் மீன் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், நிஜமா?

பதில்: நிஜம்தான். பியரைத் தெளிய வைக்க ஐசிங்கிளாஸ் என்ற பொருளைப் பல ப்ரூவரிகள் பயன்படுத்திவந்தன, சில இன்னும் பயன்படுத்துகின்றன. மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது அது. அடியில் படிந்து போய்விடும், ஆனாலும் சைவர்களுக்கு அது பதில் ஆகாது. பியரைத் தெளிய வைக்கப் பயன்படும்போது அதை ஒவ்வாமைப் பட்டியலில் காட்டத் தேவையில்லை என்று சட்டமே விலக்கு தருகிறது, அதனால் லேபிளில் மீன் என்று தேடினால் கிடைக்காது. 'வீகன்' என்று எழுதியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். 1758-லிருந்து இயங்கும் யார்க்‌ஷயர் டாட்காஸ்டரின் சாமுவேல் ஸ்மித் ப்ரூவரியின் பாட்டில் பியர்களில் பெரும்பாலானவை வீகன் சொசைட்டியில் பதிவானவை. ஸ்டவுட் என்பது கரிய நிற பியர்; அவர்களுடைய ஓட்மீல் ஸ்டவுட்டில் ஆல்கஹால் 5 சதவீதம்தான், ஓட்ஸ் சேர்வதால் வழவழப்பாக இறங்கும். ஸ்டவுட்டை முதல்முறை குடிப்பவர் யாருக்கும் நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

மில்க் ஸ்டவுட்டில் பாலிலிருந்து எடுத்த லாக்டோஸ் இருக்கிறது. ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது, அதனால் இனிப்பு அப்படியே நிற்கிறது. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்கவும், இதை லேபிளில் போட்டே ஆக வேண்டும்.

கேள்வி: நண்பருக்குப் பரிசாக, சில வருடம் வைத்துக் குடிக்கிற மாதிரி ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: 'பெஸ்ட் பிஃபோர்' தேதி கெட்டுப்போகும் தேதி அல்ல என்றாலும், 4, 5 சதவீத ஏலை வைத்திருப்பதில் லாபம் ஒன்றும் இல்லை, புதிதாகவே குடித்துவிட வேண்டும். வைக்கத் தகுந்தது ஆல்கஹால் அதிகமான, ஈஸ்ட் உள்ள பாட்டில்தான். லண்டன் சிசிக்கில் ஃபுல்லர்ஸ் 1997-லிருந்து வருடாவருடம் தயாரித்துவரும் வின்டேஜ் ஏல் 8.5 சதவீதம். நான் ஒரே வருடத்தில் இரண்டு பாட்டில் வாங்கி, ஒன்றை அப்போதே திறந்தேன், மற்றதை மூன்று வருடம் கழித்து. முதலாவதில் ஹாப்ஸ் முன்னால் நின்றது, இரண்டாவதில் பேரீச்சையும் கருப்பட்டியும்! ஸ்டவுட்தான் வேண்டுமென்றால் சசெக்ஸ் லூயிஸின் ஹார்வீஸ் இம்பீரியல் ஸ்டவுட் 9 சதவீதம். கரிய காபி, தோல் பை வாசனை, கொஞ்சம் புளிப்பு, சற்று முரடான ருசி. எல்லோருக்கும் பிடிக்காது, ஆகவே நண்பரின் நாக்கு தெரிந்து வாங்குங்கள்.

இருட்டில், குளிர்ச்சியான இடத்தில் நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு கணக்கும் சொல்லிவிடுங்கள்: 8.5 சதவீதத்தில் 500 மில்லி பாட்டில் ஒன்றே 4.25 யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால்), இங்கே வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பதே அரசு மருத்துவர்களின் வழிகாட்டுதல். இரண்டு பேர் பகிர்ந்து குடிக்க வேண்டிய பாட்டில் இது.