மூன்று வாசிப்பும் ஒத்துவருகிறது, விடை மட்டும் பிழைக்கிறது

கொக்குவிலிலிருந்து உயர்தர மாணவி ஒருவர் கேட்கிறார்: "எளிய ஊசல் செய்முறை. தொங்கு புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை 1 மீற்றர். 20 அலைவுகளுக்கு 38.1, 38.2, 38.2 செக்கன். புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.8 அளவில் வரவேண்டும், 10.84 வருகிறது. மூன்று வாசிப்பும் இவ்வளவு ஒத்துவரும்போது எப்படிப் பிழைக்கும்? வழுவை எப்படி எழுதுவது?"

பிள்ளை, பிழை உமது கையில் இல்லை, வாயில் இருக்கிறது. கடிகாரத்தை அழுத்தும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருப்பீர். அப்படி எண்ணி "இருபது" என்று நிறுத்தும்போது ஊசல் 19 அலைவுகளைத்தான் முடித்திருக்கும். சராசரி 38.17ஐ 19ஆல் வகுத்துப் பாரும்: ஆவர்த்தன காலம், அதாவது ஓர் அலைவுக்கான நேரம், 2.009 செக்கன், ஆர்முடுகல் 9.78. காலத்தில் 5% குறைந்தது. சூத்திரத்தில் (g = 4π²l/T²) காலம் வர்க்கமாகக் கீழே நிற்பதால் விடை 10%க்கு மேல் ஏறிவிட்டது.

ஒரே பிழையை மூன்று தரம் செய்தால் மூன்று வாசிப்பும் ஒத்துத்தான் வரும். எழுமாற்று வழு, அதாவது வாசிப்புக்கு வாசிப்பு தற்செயலாக மாறும் வழு, சிறிது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. மெல்லிய தடிப்புகளை அளக்கும் நுண்மானித் திருகுக் கணிச்சி, மூடியிருக்கும்போதே பூச்சியம் காட்டாத பூச்சிய வழுவும் இதே சாதி: நூறு தரம் அளந்து சராசரி எடுத்தாலும் அப்படியே இருக்கும்.

அடுத்த முறை "மூன்று, இரண்டு, ஒன்று, பூச்சியம்" என்று இறங்கி எண்ணி, பூச்சியத்தில் அழுத்தும். குண்டு நடுவைக் கடக்கும் கணத்தில் அழுத்த வேண்டும். ஓரத்தில் அது மெல்லத் தயங்கித் திரும்புவதால் எந்தக் கணம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. நடுவுக்கு நேரே பின்னால் ஒரு குண்டூசியை நிறுத்திவைத்தால் வேலை சுலபம்.

இனி வழு. போனிலுள்ள நிறுத்தற்கடிகாரம் 0.01 செக்கன் காட்டும். ஆனால் உமது விரல் ஏறக்குறைய 0.2 செக்கன் முந்தும் அல்லது பிந்தும். அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரேயொரு அலைவை அளந்தால் 2 செக்கனில் 0.2, அதாவது 10%. 20 அலைவில் அது 0.5%, 50 அலைவில் 0.2%. கடிகாரமும் விரலும் பழையவையே.

மீற்றர் கோலில் 1 மில்லிமீற்றர் வழு என்றால் நீளத்தில் 0.1%. காலம் வர்க்கமாக வருவதால் அதன் பின்ன வழுவை (மேலே கண்ட சதவீதத்தை) இரட்டித்து நீளத்தினதைக் கூட்டும்: 20 அலைவுக்கு 1.1%. எனவே 9.8 ± 0.1 என்று எழுதும். கல்குலேட்டர் காட்டும் எல்லா இலக்கத்தையும் அப்படியே இறக்கிவைப்பது சோதிப்பவருக்குச் சினமூட்டும், எனக்கும்தான்.

9.78 வந்ததும் அதை 9.81 ஆக்க அழிறப்பர் தேடும் பிள்ளைகளை நிறையக் கண்டிருக்கிறேன். 9.81 லண்டன், பாரிஸ் பக்கத்துப் பெறுமானம். யாழ்ப்பாணம் வடக்கு அகலக்கோடு 9.7 பாகை அளவில், மத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கிறது. பூமியின் சுழற்சியும் நடுப்பகுதிப் புடைப்பும் சேர்ந்து இங்கே அதை 9.78 அளவுக்குக் குறைக்கின்றன. உமது ± 0.1 இந்த இரண்டையும் பிரித்தறியப் போதாது என்பது வேறு கதை.

ஆனி, ஆடியில் செய்வதானால் சோழகம் வீசும் யன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தும். வீச்சம், அதாவது நடுவிலிருந்து ஊசல் விலகும் கோணம், 5 பாகைக்குள் இருக்கட்டும். குண்டு நீள்வட்டமாகச் சுற்றத் தொடங்கினால் அந்த வாசிப்பை விட்டுவிட்டு மறுபடி தொடங்கும்.