ஜன்னல் உத்தரவாதம்: யாருடைய வாழ்நாள்?

கேள்வி: பழைய மர ஜன்னல்களை எடுத்துவிட்டு, இரட்டைக் கண்ணாடி பொருத்திய யுபிவிசி (விறைப்பான பிளாஸ்டிக்) ஜன்னல்களைப் போட இருக்கிறோம். ஒரு நிறுவனம் 10 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. இன்னொரு நிறுவனம் ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்கிறது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வாழ்நாள் என்பதையே தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: அந்த ஒரு சொல்லை நம்பி முடிவெடுக்க வேண்டாம். முதலில் வாங்கியவர் அந்த வீட்டுக்கு உரிமையாளராக இருக்கும் காலத்தையே பல உத்தரவாதப் பத்திரங்கள் ‘வாழ்நாள்’ என்று வரையறுக்கின்றன. சில பத்திரங்களில் ஆண்டுகள் செல்லச் செல்ல இழப்பீடும் தேய்ந்துகொண்டே வரும். 20 ஆண்டு உத்தரவாதத்தில் ஆண்டுக்கு 5 சதவீதம் கழிக்கப்படும் என்று எழுதியிருந்தால், 15 ஆண்டுகள் முடிந்த நிலையில் பழுதாகும் கண்ணாடிக்குக் கால் பங்குதான் கிடைக்கும். மீதி முக்கால் பங்கை நாம்தான் கட்ட வேண்டும். இப்படிக் கழிவு எதுவும் இல்லாத 10 ஆண்டு உத்தரவாதம் அதைவிட மேலானதாக இருக்கக்கூடும்.

அடுத்து, அந்த 10 ஆண்டு எந்தப் பாகத்துக்கு என்று கேளுங்கள். யுபிவிசி ஜன்னலைப் பொறுத்தவரை, கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டத்துக்கான (ஃபிரேம்) நீளத் துண்டுகளை ஒரு நிறுவனம் தயாரிக்க, அவற்றை அளவுக்கு வெட்டி இணைப்பது வேறொரு பட்டறையாகவும், சுவரில் பொருத்துவது மூன்றாவது ஆளாகவும் இருப்பது வழக்கம். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் ஆண்டுக் கணக்கு சட்டத்தின் நிறம் மங்காது, வெடிக்காது என்பதற்கு மட்டும் உரியதாக இருக்கலாம். கீல், கைப்பிடி, பூட்டு, நகரும் ஜன்னலின் உருளை ஆகியவற்றுக்குக் காலம் பெரும்பாலும் குறைவு. கொசுவலைக்குச் சில இடங்களில் உத்தரவாதமே கிடையாது. தினமும் கை படுகிற பாகங்களோ இவைதாம்!

கூலி தனிக் கணக்கு. என் வீட்டு ஜன்னலில் உருளை தேய்ந்து, இழுக்கும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வந்தபோது, புது உருளையை இலவசமாகவே தந்தார்கள்; ஆனால் கதவைக் கழற்றி மாட்டியதற்கு வாங்கிய கூலியில் நான்கு உருளைகள் வாங்கியிருக்கலாம். ‘பாகங்களும் கூலியும் சேர்த்து’ என்ற சொற்கள் பத்திரத்தில் இருக்கின்றனவா, எத்தனை ஆண்டுகளுக்கு என்று பாருங்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் மழைநீர் கசிந்தால், ‘அது பொருத்தியதில் வந்த குறை’ என்று தயாரிப்பாளர் விலகிக்கொள்வார். ஆகவே பொருத்துகிறவரிடமும் அவர் வேலைக்கான உத்தரவாதத்தைத் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விலக்குகள் பகுதியை நிதானமாகப் படியுங்கள். கண்ணாடி மேல் வெயில் தடுக்கும் படலம் ஒட்டினால் உத்தரவாதம் ரத்து என்ற நிபந்தனை பல பத்திரங்களில் உண்டு. படலத்தால் கண்ணாடி கூடுதலாகச் சூடேறி விரிசல் விடலாம் என்பதே காரணம். அமிலம் கலந்த துப்புரவுத் திரவம், கடலோர உப்புக்காற்றால் ஏற்படும் துரு ஆகியவையும் அடிக்கடி விலக்கப்படுகின்றன. சட்டத்தின் அடிப்பகுதியில் நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் இருக்கும். அவை தூசியால் அடைபட்டு நீர் உள்ளே வழிந்தால், பராமரிப்புக் குறை என்று உங்கள் பக்கமே திருப்புவார்கள். துளைகள் எங்கே இருக்கின்றன என்று பொருத்தும் அன்றே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் பொருத்திய இரட்டைக் கண்ணாடியில் காலை நேரத்தில் பனி மூட்டம்போல் படிகிறது. ‘அறையின் ஈரப்பதம்தான் காரணம், உத்தரவாதத்தில் வராது’ என்கிறார்கள். உண்மையா?

பதில்: மூட்டம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உலர்ந்த துணியால் அறைப் பக்கமும் வெளிப்பக்கமும் துடைத்துப் பாருங்கள். இரண்டில் ஒரு பக்கத்தில் துடைத்ததும் மறைந்தால், உத்தரவாதத்தில் வராது என்று அவர்கள் சொல்வது சரி; அது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிவது, ஜன்னலின் குறை அல்ல. எந்தப் பக்கம் துடைத்தும் போகவில்லை என்றால், ஈரம் இரு கண்ணாடிகளுக்கு நடுவில் இருக்கிறது. விளிம்பைச் சுற்றியுள்ள அடைப்பு விட்டுப்போய், உள்ளே வைத்திருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகளும் நிறைந்துவிட்டன என்று பொருள். அதைச் சரிசெய்ய அந்தக் கண்ணாடித் தொகுப்பையே மாற்ற வேண்டும். கண்ணாடிக்கான உத்தரவாதங்கள் பெரும்பாலும் இந்தக் குறையைத்தான் முதன்மையாகக் குறிப்பிடுகின்றன. துடைத்த பிறகும் மூட்டம் தெரியும்படி தேதியுடன் படம் எடுத்து, பற்றுச்சீட்டின் நகலையும் இணைத்து, எழுத்து மூலமாகவே புகார் கொடுங்கள். குறையைக் கண்ட எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதைப் பத்திரத்தில் பார்த்துவிட்டு, அந்த நாளுக்குள் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: வீட்டை விற்றால் உத்தரவாதம் புதியவருக்குப் போகுமா?

பதில்: பத்திரத்தில் அப்படி எழுதியிருந்தால் போகும். சில நிறுவனங்கள் ஒரு முறை மட்டும், அதுவும் விற்ற சில நாட்களுக்குள் பெயர் மாற்றிப் பதிந்தால்தான் ஏற்கின்றன. ‘வாழ்நாள்’ என்றிருந்தது அப்போது குறிப்பிட்ட ஆண்டுகளாகச் சுருங்குவதும் உண்டு.