ஒரே நாளில் மதுரை: ஜெர்மானிய மாணவர்களுக்கு ஊரைக் காட்ட

வணக்கம். 12 ஜெர்மானிய மாணவர்கள் வருகிறார்கள், ஊரைக் காட்ட நீங்கள் 8 பேர், காலை 10 மணிக்கு மீனாட்சி அம்மன் கோயிலில் தொடக்கம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த நேரத்தை மாற்றுங்கள். பத்து மணிக்கு மேல் கல்தரை சுடும். செருப்பில்லாமல் நடந்து பழகாத பிள்ளைகள் துடித்துப் போவார்கள். மதியம் நடையும் சாத்திவிடுவார்கள். ஆறரைக்கே போய்விடுங்கள்.

தோளும் முழங்காலும் மறையும் உடை, கைபேசிக்கு அனுமதியில்லை, இந்து அல்லாதவர்கள் கருவறைப் பக்கம் போக முடியாது: மூன்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாசலில் போய்ச் சொன்னால் அவமானப்படுத்தியதாக நினைப்பார்கள்.

மூன்று விருந்தினருக்கு உங்களில் இருவர் என நான்கு குழு போதும். மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டாம், இரண்டு நிமிடத்தில் கவனம் போய்விடும். கையில் ஒரு தாள் கொடுத்து, வெளி வீதியிலிருந்து உள்ளே நடக்க நடக்க, கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளைச் சதுரம் சதுரமாக வரையச் சொல்லுங்கள்: வெளி, மாசி, ஆவணி மூலம், சித்திரை, மதிலுக்குள் ஆடி. சித்திரை வீதி இருக்க, சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்று கட்டாயம் கேட்பார்கள். திருமலை நாயக்கர் மாசித் திருவிழாவைச் சித்திரைக்கு மாற்றினார் என்பது ஊர் வழக்கு. அதைச் சொல்ல ஒருவர் தயாராக இருக்கட்டும்.

அடுத்து நாயக்கர் மகால். அங்கே பேச்சைக் குறைத்து, ஒரு தூணைக் கைகோத்து வளைக்கச் சொல்லுங்கள். அதன் பருமன் அப்போதுதான் புரியும்.

ஜிகர்தண்டா கடைசியில்தான். பால் ஒத்துக்கொள்ளாதவர் யார் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்; பால், பாசந்தி, ஐஸ்கிரீம் மூன்றும் அதில் உண்டு.