மழை வந்தாலே டிரிப் ஆகும் தீபாவளி விளக்குகள்

அண்ணே, செந்தூல் வீட்டு வாசலில் ஆறு கலர் சரம் மாட்டினேன், மழை தூறினாலே மெயின் விழுந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். சரம் அதிகமானதால் இல்லை. ஆறு எல்இடி சரம் சேர்ந்தாலும் ஒரு கெட்டில் இழுக்கும் கரண்டில் கால்வாசிகூட வராது. ஈரம்தான் காரணம். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) என்றால் அந்த அளவு கசிந்தாலே விழும், விழத்தான் வேண்டும். திரும்பத் திரும்ப ஏற்றிவிடாதீர்கள்.

போன வருஷம் எங்கள் வீட்டிலும் இதே கூத்து. சரத்தை எல்லாம் கழற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பார்த்தால், பூச்சட்டிக்குப் பின்னால் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன்! துளைக்குள் தண்ணீரும் செத்த எறும்பும்.

மெயினை அடைத்துவிட்டு எல்லாவற்றையும் பிடுங்கிக் காயவிடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொருகினால் எது என்று தெரிந்துவிடும். எக்ஸ்டென்ஷனை போர்ச்சுக்குள்ளே, சாரல் படாத உயரத்தில் வையுங்கள். ஒயர் பிளக்குக்குக் கீழே கொஞ்சம் தொங்கி வளைந்து ஏறட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். புதுச் சரம் வாங்கினால் ஐபி65 (தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாது என்ற குறி), சிரிம் ஸ்டிக்கர் (மலேசியத் தரச் சான்று) இரண்டையும் பாருங்கள். வாசல் கேட்டில் மட்டும் மாட்ட சோலார் சரமே போதும், ஆனால் அக்டோபர் மழைமூட்டத்தில் ஒன்பது மணிக்கே மங்கிவிடும்.